சவப்பெட்டி இறங்கும் வழி

யார்க்‌ஷயரில் எங்கள் பண்ணை வீடு முழுக்கக் கல். உள்ளே போனவரை லேசில் வெளியே விடாது. சுவர் மூன்றடி கனம். மாடிப்படி அந்தச் சுவருக்குள்ளேயே திருகிக்கொண்டு ஏறும். தோளை ஒடுக்கினால்தான் ஆள் போக முடியும்.

அன்று காலை என் கணவர் ஏமஸ் மாடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் ஷோனாவின் ஸ்ட்ரெச்சர் படியின் முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. ஜன்னலில் குறுக்கே கல் தூண்கள். பூனைதான் நுழையும்.

“அந்தத் தூணை உடைச்சிரலாமா?” என்றாள் ஷோனா.

“அரசாங்கம் பாதுகாக்குற வீடும்மா இது. ஆணி அடிக்கவே அனுமதி கேக்கணும்,” என்று முனகினார் ஏமஸ். “கல்லை ஒடச்சா இடுப்பு சரியாகி நேரா ஜெயிலுக்குத்தான் போவேன்.”

மிச்சம் ஒரே வழி. கட்டிலுக்கடியில் தரையில் ஒரு பலகைக் கதவு. படியில் சவப்பெட்டி திரும்பாதென்று கட்டியவர்களே விட்டுவைத்தது. மாடியில் செத்தவர்களை அதன் வழியாகத்தான் சமையலறைக்குள் இறக்குவார்கள். ஏமஸின் அப்பாவும் அப்படித்தான் போனார். உயிரோடு யாரும் இறங்கியதில்லை.

“அதுல மட்டும் என்னை எறக்காத, வினி. எறக்கினா நான் செத்தவன்தான்.”

“இங்கயே கெடந்தாலும் அதேதான், மனுஷா.”

ஷோனா என் காதில் சொன்னாள்: “உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதுன்னு நெனக்கிறேன். இனிமே காத்திருக்க முடியாது.”

அவர் முகம் சாம்பலாகிவிட்டது. நான் அவர் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினேன்.

“பொணம் தொப்பி போடாது. பொணம் பேசாது. நீ கீழ போற வரைக்கும் வாயை மூடாத. உனக்கு அது பெரிய கஷ்டமா?”

முறைத்தார். பிறகு கண்ணை மூடித் தலையசைத்தார்.

கட்டிலை நகர்த்திக் கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சரை அந்த வழியாகவே மேலே இழுத்து அவரை அதில் கட்டினோம். பக்கத்துப் பண்ணை கிளிஃபர்டும் ஷோனாவுடன் வந்தவரும் கயிறு பிடித்தார்கள். ஷோனா கீழே ஓடினாள்.

“மெதுவாடா, மரமண்டை! மூட்டையா எறக்குற?” என்று கயிற்றில் தொங்கியபடியே கிளிஃபர்டைத் திட்டினார் ஏமஸ்.

பாதியில் ஸ்ட்ரெச்சரின் கைப்பிடி உத்தரத்தில் சிக்கியது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. ஏமஸின் குரலும் நின்றது.

“ஏமஸ்!”

நான் மண்டியிட்டு அந்தத் துவாரத்துக்குள் கத்தினேன்:

“நம்ம ஆடுகளை விட கிளிஃபர்டோட ஆடுங்கதான் ஒசத்தி! ஊரே சொல்லுது!”

கயிறு கிறீச்சிட்டது.

“எவன்டி… சொன்னான்? அதெல்லாம்… ஆடா? எலும்பும் தோலும்!”

“என் கையிலதான் கயிறு இருக்கு, பாத்துப் பேசுய்யா!” என்றார் கிளிஃபர்ட்.

ஷோனா கீழிருந்து எட்டிக் கைப்பிடியைத் தட்டிவிட்டாள். ஸ்ட்ரெச்சர் சமையலறைத் தரையில் உட்கார்ந்தது. ஆடுகளைத் திட்டும் குரல் வாசலைத் தாண்டிப் போனது. நான் துவாரத்தின் ஓரத்திலேயே மண்டியிட்டிருந்து, அது கேட்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.