ஓட்டை வண்டியின் முன்பெட்டி

திங்கட்கிழமை காலை ஏழு மணி. நெதர்லாந்தில் ஊட்ரெக்ட் ரயில் நிலையத்தின் பின்பக்கம் இன்னும் விடியவில்லை. தன் சைக்கிளின் முன்பெட்டியில் பையை வைக்கப் போன மார்லூஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பெட்டிக்குள் ஒரு டயப்பர் கிடந்தது. மூன்று நாள் ஊறிய டயப்பர். மழையும் பெய்திருந்ததால் உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து, பெட்டியின் ஓட்டைகள் வழியாக முன்சக்கரத்தில் இறங்கியிருந்தது. அதைவிட மோசம், அந்த டயப்பரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை அதைப் பக்கத்து சைக்கிளின் பெட்டியில் போட்டவளே அவள்தான்.

ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி, அதுவும் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவள், செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அவள் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்களுக்கு எட்டு நாள் துணையாகப் போவது அவள் வேலை. தாயின் தையலைப் பார்ப்பாள், பால் கொடுக்கப் பழக்குவாள், குழந்தையைக் குளிப்பாட்டுவாள், வந்து குவியும் சொந்தக்காரர்களை நேரம் பார்த்து விரட்டுவாள். இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். வேறு எதையும் செய்ய அவளுக்கு ஆசையும் இல்லை. வீடு குலெம்போர்க்கில், வேலை ஊட்ரெக்டில். காலை நெரிசலில் சைக்கிளை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் மற்றவர்களைப் போல அவளும் இரண்டு சைக்கிள் வைத்திருந்தாள். வீட்டிலிருந்து குலெம்போர்க் ஸ்டேஷன் வரை நல்லது ஒன்று, ஊட்ரெக்டில் இறங்கிய பிறகு ஓட்ட ஓட்டை ஒன்று.

அந்த ஓட்டை வண்டி தானாக ஓட்டையானதல்ல. இரவெல்லாம் ஸ்டேஷனில் நிற்கிற வண்டி பளபளவென்று இருந்தால் விடிவதற்குள் திருடன் கொண்டுபோய்விடுவான். மார்லூஸ் அதன்மேல் பச்சைப் பெயின்டைக் கண்டபடி பூசினாள். சீட்டைக் கத்தியால் கீறி, அதன்மேல் பழைய பிளாஸ்டிக் பையைக் கட்டினாள். மணியைக் கழற்றி எறிந்தாள். செயினும் பிரேக்கும் மட்டும் உள்ளுக்குள் முதல் தரம். ஒருதடவை, கேட்பாரற்ற வண்டி, எடுத்துப் போகப்போகிறோம் என்று நகராட்சிக்காரர்கள் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அந்தக் காகிதத்தைக் கிழித்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போன இடத்திலெல்லாம் காட்டிச் சிரித்தாள்.

செப்டம்பரில் இருந்துதான் பெட்டிக்குள் குப்பை விழ ஆரம்பித்தது. சும்மா குப்பை என்றால் பொறுத்துக்கொள்வாள். இது கப்சலோன் என்கிற கடைத் தீனியைத் தின்ற அலுமினியத் தட்டு. அடியில் உறைந்த சீஸ், அதில் ஒட்டிய இறைச்சித் துணுக்கு, ஊறிப் போன உருளைக்கிழங்கு வறுவல், எல்லாவற்றுக்கும் மேலே பூண்டுச் சாஸ். தினமும் காலையில் அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோவாள். பிறகு சாயங்காலம் ரயிலில் ஏறும்வரை கையை மோந்து மோந்து பார்ப்பாள்.

நவம்பரில் ஒருநாள் சாஸ் பெட்டியோடு நிற்கவில்லை, சீட்டிலும் சிந்தியிருந்தது. இருட்டில் அவள் கவனிக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்து பதினைந்து நிமிஷம் மிதித்து ஒரு வீட்டுக்குப் போனாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்து மூன்று நாளான பெண் அங்கே படுத்திருந்தாள். மார்லூஸ் குனிந்ததும் அந்தப் பெண்ணுக்கு வாந்தி வந்துவிட்டது. தையலைப் பிடித்துக்கொண்டு அவள் வாந்தி எடுத்த வேதனையை மார்லூஸால் மறக்க முடியவில்லை. எட்டாம் நாள் அந்தக் குடும்பம் போட்டுக் கொடுத்த மதிப்பெண் தாளில் சுத்தம் என்ற இடத்தில் நாலு போட்டிருந்தது, பத்துக்கு.

அலுவலகத்தில் மேலாளர் ஹெட்டி கூப்பிட்டுப் பேசினாள். அவளைவிட இருபது வயது சின்னவள். குரலை உயர்த்தவில்லை.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா உங்களை வீடுகளுக்கு அனுப்ப முடியாது மார்லூஸ். போன் எடுக்கற வேலைதான். நாள் முழுக்க காதுல மாட்டிக்கிட்டு உக்காரணும், பரவாயில்லையா?"

பரவாயில்லையா என்று ஒரு கேள்வி வேறு. இனி ஒரு குழந்தையைக் கையில் தூக்க முடியாது என்பதை இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் அவள் துப்புத் துலக்க ஆரம்பித்தாள். அவள் வண்டிக்குப் பக்கத்து இடத்தில் எப்போதும் ஒரு கறுப்பு சைக்கிள் நிற்கும். உயரமானது, மஞ்சள் பெட்டி வைத்தது, தினமும் துடைத்தது. அதன் ஆள் இங்கிருந்து வெளியூருக்கு வேலைக்குப் போகிறவன். அவள் ஏழு மணிக்கு வரும்போது அவன் முந்தின ரயிலில் போயிருப்பான். அவள் நாலரைக்கு வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது அவன் திரும்பியிருக்கமாட்டான். மாதக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து இடம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் அக்டோபரில் இலையுதிர்கால விடுமுறையில் ஒருவாரம் மஞ்சள் பெட்டி நிற்காதது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அந்த வாரம் அவள் பெட்டியும் சுத்தமாக இருந்தது. அவளுக்கு இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. தன் வண்டியை மட்டும் துடைத்துவிட்டு அடுத்தவள் வண்டியில் எச்சில் தட்டைப் போடுகிற சுத்தக்காரன் மேல் அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு மூண்டது.

வெள்ளிக்கிழமை கடைசி நாளாகப் போன வீட்டில் குழந்தை நன்றாகவே ஒத்துழைத்தது. அந்த டயப்பரை அவள் பையில் கட்டி, ஊரைக் கடந்து பத்திரமாகக் கொண்டுவந்து, மஞ்சள் பெட்டியில் பிரித்துப் போட்டாள். ரயிலில் போகும்போது மனசு லேசாக இருந்தது.

இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. பக்கத்து இடம் காலி. பயந்து ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவள் டயப்பரைத் தூக்கி எறிந்தாள். பெட்டியைத் தண்ணீர் பாட்டிலால் கழுவினாள், கையில் கிருமி மருந்தை மூன்று தடவை ஊற்றித் தேய்த்தாள். சீட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டுதான் ஏறினாள். இன்றைக்குப் புது வீடு. மூக்கில் அந்த நாற்றம் மட்டும் போகவில்லை.

வீட்டு வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு மணியை அழுத்தினாள். அப்போதுதான் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்தாள். உயரமான கறுப்பு சைக்கிள், மஞ்சள் பெட்டி. ஸ்டேஷனில் நிற்பதுபோலவே இரண்டும் ஒட்டி நின்றன. தன்னுடையதைத் தள்ளிக்கொண்டுபோய் மறைக்க அவள் கையை நீட்டினாள், அதற்குள் கதவு திறந்துவிட்டது.

கதவைத் திறந்த யெல்மருக்கு முப்பது வயதிருக்கும். தூக்கமில்லாத கண், கசங்கிய சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. சனிக்கிழமை அதிகாலை பையன் பிறந்தானாம். மனைவி ஆனூக் மாடியில் இருக்கிறாளாம். அவன் பேசிக்கொண்டே முன்னால் ஓடினான். மார்லூஸ் நேரே குழாயடிக்குப் போய் முழங்கைவரை கழுவினாள். வந்தது கோபமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனூக்குக்குக் கூர்மையான பார்வை. வந்தவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தலையணையை நகர்த்தி இடம் கொடுத்தாள். யெல்மர் வழக்கப்படி மொறுமொறு ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, நீலச் சோம்பு மிட்டாய் தூவித் தட்டில் கொண்டுவந்தான். அந்த விரல்கள் எதையெல்லாம் தொட்டிருக்கும் என்று மார்லூஸுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற வீட்டில் அதை வேண்டாம் என்று சொல்வது மரியாதையே இல்லை. ஒரு கடி கடித்து வாயிலேயே வைத்திருந்தாள்.

ஆனூக் சிரித்துக்கொண்டே புருஷனைச் சீண்டினாள்.

"வெள்ளிக்கிழமை கதையைச் சொல்லேன் இவங்ககிட்ட. கேட்டா சிரிப்பாங்க."

அவன் சொன்னான். வலி எடுத்துவிட்டது என்று இவள் போன் செய்ய, அவன் வேலையை அப்படியே போட்டுவிட்டு ரயிலில் வந்து இறங்கி, இருட்டில் பெட்டிக்குள் பையை வைத்து அமுக்கியிருக்கிறான். கையும் மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது.

"டயப்பருங்க. யாரோ ஒரு ஜென்மம் பிரிச்சு வெச்சுட்டுப் போயிருக்கு. பொண்டாட்டிக்கு வலி, எனக்குக் கையெல்லாம் பீ. கழுவக்கூட நேரமில்ல. பக்கத்துல ஒரு ஓட்டை வண்டி, வருஷக்கணக்கா யாரும் தொடாம கெடக்குது. அதுல தூக்கிப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிக்க விடவே இல்ல நான்," என்றாள் ஆனூக். "அங்க போய்க் கழுவறதுக்குள்ள பாதி வலி முடிஞ்சுபோச்சு. பண்ணுனது எவளோ, எவனோ, அவங்க கையால ஒரு குழந்தையைத் தொடக் கூடாது."

ரஸ்க் மார்லூஸின் வாயில் கூழாகிக் கிடந்தது. அதை விழுங்கினாள். வேறு வழியில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, கர்ப்ப காலத்தில் மசக்கை எப்படி என்று விசாரித்தாள். அதை அவள் கேட்காமலே இருந்திருக்கலாம். பூண்டு வாசனையே ஆகவில்லையாம். வீட்டில் பூண்டு நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாளாம். இருந்தும் சாயங்காலம் இவன் வந்தால் எங்கிருந்தோ ஒரு வாடை அடிக்குமாம். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரன் தின்றான் என்பானாம்.

"தினமும் அதே பக்கத்து சீட்டுக்காரனாப்பா?" என்றாள் ஆனூக். யெல்மர் ஜன்னலில் தோரணம் கட்ட வேண்டும் என்று கீழே இறங்கிவிட்டான்.

மார்லூஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஸ்டேஷனில் நின்றபடி தின்றிருக்கிறான். தட்டை வீட்டுக்கும் கொண்டுவர முடியாது, சுத்தமான தன் பெட்டியிலும் வைக்க மனசில்லை. குப்பைத்தொட்டி இருபது அடி தள்ளி இருந்தது. அந்த இருபது அடி நடக்கச் சோம்பல்பட்டவனால் அவள் பிழைப்பே போக இருந்தது.

கீழே முன்ஜன்னலில் தோரணம் கட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அந்த ஜன்னலுக்கு நேரே வாசலில்தான் இரண்டு சைக்கிளும் ஒட்டி நின்றன. அவன் மேலே வந்தபோது காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. மார்லூஸின் முகத்தை ஒருதரம் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். பையனின் டயப்பரை மாற்றிக்கொண்டிருந்த அவள், கரிய பசை அப்பிய அதைச் சுருட்டி அவனிடம் நீட்டினாள்.

"தெருமுனையில தொட்டி இருக்குது. அதுல போட்டுட்டு வாங்க. வழியில வேற எதுலயும் போட்டுராதீங்க."

அவன் வாங்கிக்கொண்டு போனான். மழையில் தெருமுனைவரை நடந்து, திரும்பி வந்து, சொல்லாமலே கையைக் கழுவினான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை போய்விடும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் குட்டு உடைந்துவிடும். இருவரும் அதைச் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதையாகப் பழகியதைப் பார்த்து ஆனூக் சந்தோஷப்பட்டாள்.

எட்டு நாளும் மார்லூஸ் ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசி நாள் காலையில் ஆனூக் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கையில குடுத்தா எனக்குப் பயமே இல்ல. அவ்வளவு சுத்தம் நீங்க."

சொல்வதென்றால் அதுதான் நேரம். வெள்ளிக்கிழமை வைத்தது நான்தான், உன் கையைப் பிடிக்க ஆள் வராமல் செய்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போன் வேலை கண்முன் வந்தது. மார்லூஸ் போர்வையைச் சரிசெய்துவிட்டு, பால் கட்டினால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள்.

மதிப்பெண் தாளை யெல்மர் வாசலில் வைத்துக் கொடுத்தான். அவன் கையெழுத்தில் சுத்தத்துக்குப் பத்து போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தான். மத்தியானமே ஹெட்டி போனில் கூப்பிட்டுப் பாராட்டினாள். இந்த வருஷத்தில் இதுதான் முதல் பத்தாம், அலுவலகத்தில் ஒட்டி வைக்கப்போகிறாளாம்.

அடுத்த வாரம் மஞ்சள் பெட்டி பழைய இடத்தில் வந்து நின்றது. அவள் பெட்டியில் குப்பை இல்லை. யாரோ அதை எலுமிச்சை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். மார்லூஸ் அந்த வாசனையை முகர்ந்தாள். அந்தப் பத்தைப் போல இதுவும் வாயை மூடிக்கொண்டதற்குக் கிடைத்த கூலிதான். பூண்டுச் சாஸுக்கும் டயப்பருக்கும் வராத குமட்டல் இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது. நவம்பரில் நாலு போட்ட பெண் நாற்றத்தை நாற்றம் என்றே எழுதியிருந்தாள். மார்லூஸின் சுத்தத்தை யாராவது சரியாக அளந்தார்கள் என்றால், அது அந்தப் பெண் ஒருத்திதான்.