இருட்டுக்கு ஒத்திகை

மச்சானுக்குத் தரவேண்டிய பாக்கி முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. வட்டி கிடையாது. வாரா வாரம் மச்சான் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டுப் போவதுதான் வட்டி. அவ்வளவும் பெண்டாட்டியின் கண்ணுக்குச் செலவழிந்தது. இருக்கிற பார்வையும் மெல்ல மெல்லக் குறைந்து ஒருநாள் நின்றுபோகும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

அவளுடைய மோட்டார் வைத்த தையல் மெஷினை விற்றால் கடன் அடையும். புருஷன்காரன் விடவில்லை. விற்றால் டாக்டர் சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

கிடங்கில் மூட்டை சுமந்து முதுகு வளைந்ததால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். அன்று லாரி வரவில்லை. மத்தியானமே வீடு திரும்பியவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அவள் துண்டால் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தாள். சத்தத்தை வைத்தே தண்ணீர் கொதித்துவிட்டதென்று அடுப்பை அணைத்தாள். நூல் சுற்றிய டப்பாவைத் தடவி உப்பு எடுத்தாள். கத்திக்கு முன்னால் விரலை மடக்கி மடக்கி வெங்காயம் அரிந்தாள். பிறகு கொடியிலிருந்த அவன் சட்டைகளை எடுத்து, காலரின் உள்பக்கம் விரலால் துழாவி, நீலத்தை ஒரு பக்கமும் வெள்ளையை ஒரு பக்கமும் அடுக்கினாள்.

ஒட்டகம் தன் காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தான். நீலச் சட்டைக்கு ஒரு நூல் முடிச்சு, வெள்ளைக்கு இரண்டு. கழுத்தில் உறுத்துகிறது, தைக்கத் தெரியாதா என்று போன மாதம் அவளிடம் கத்தியிருந்தான். அப்படியானால் எத்தனை நாளாக நடக்கிறது இது?

"வாசல்லயே எவ்வளவு நேரம் நிப்பீங்க? உள்ள வாங்க."

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"சாக்கு நாத்தம். வேற எந்த மகராசன்கிட்ட வரும்?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்பவே எதுக்குடி இந்தக் கூத்து? நாளைக்கே புது மருந்து வந்தா?"

"வரட்டும், வேணாம்னா சொல்றேன்? இப்ப தடுமாறினா கட்டை அவுத்துப் பாத்துக்கலாம். அப்புறம் எதைங்க அவுக்கறது?"

மூட்டையைத் தூக்குமுன் ஒருமுறை அசைத்துப் பார்ப்பான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த முன்யோசனை. இவளோ வரப்போகிற வருஷங்களையெல்லாம் தனியாக, சத்தமில்லாமல் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எல்லாம் கைக்கு வந்துடுச்சு. மெஷின் மட்டும் வரல." விரலை நீட்டினாள். ஊசி ஏறிய காயம். "நல்ல விலை போகும்போதே குடுத்துடலாம்."

இந்தத் தடவை அவன் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தையல்கடைக்காரர் பணம் கொடுத்து மெஷினை வண்டியில் ஏற்றிப் போனார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அவள் துண்டைக் கட்டிக்கொண்டாள். மெஷின் இருந்த இடம் காலியாகிவிட்டதே! பழகிய அறை பழகாத அறையாகிவிட்டது. கையை நீட்டி நடந்தாள். பிடிமானம் கிடைக்காமல் தள்ளாடிச் சுவரில் இடித்துக்கொண்டாள். "அம்மாடி, மைதானம் மாதிரி இருக்கே!" என்று சிரித்துவிட்டு, கதவிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

பாக்கி வாங்க வந்த மச்சான் ஒரு செருப்பைக் கழற்றியபடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டகம் உஷ் என்று விரலை உதட்டில் வைத்தான். இரண்டு ஆம்பிளைகளும் மூச்சுவிடாமல் நிற்க, மூன்றாவது தடவை அவள் எங்கும் இடிக்காமல் ஜன்னலைத் தொட்டாள்.

"அண்ணாவா? உள்ள வாங்க. பணம் மேசைமேல இருக்கு, எண்ணிக்குங்க."

தன் இரும்புக்கடையில் ஆணியைக்கூட இரண்டு தடவை எண்ணுகிற மனுஷன், தங்கச்சி முகத்தையே பார்த்தபடி நோட்டுக் கட்டைப் பைக்குள் வைத்தார்.

"சரியா இருக்கும்மா," என்றார். "கணக்கு தீர்ந்துச்சு மாப்பிள்ளை."