லண்டன் பெட்டியும் தைவான் பெட்டியும்

1987ஆம் வருஷம் தர்மபுரி கம்ப்யூட்டர் உபயோகிப்போர் சங்கத்தில் உறுப்பினர்கள் நாலு பேர், கம்ப்யூட்டர்கள் இரண்டு. தலைவர் இன்னாசிராஜிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் சங்கத்துக்கு லெட்டர்பேடு அடித்துக்கொண்டு வந்தவர் அவர். லெட்டர்பேடில் 'தலைவர்' என்று அவர் பெயரும் அடித்திருந்ததால் தேர்தல் வைக்கிற வேலை மிச்சமானது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர்.

செயலாளர் ஞானமேரி கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அரசாங்கத் திட்டம் ஒன்றில் அந்தப் பள்ளிக்கு லண்டனில் செய்த கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. பள்ளித் தலைவியான மதர் அதற்குப் பூ வைத்துப் பின்னிய குரோஷா துணி போர்த்தி, கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். விசிட்டர்கள் வந்தால் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்த ஞானமேரி, "பூசணம் பிடிச்சிடும் மதர்" என்று பயமுறுத்திச் சாவியை வாங்கினாள். அன்றிலிருந்து அறுநூற்று நாற்பது பெண்களின் மதிப்பெண்களையும் அதில் ஏற்றினாள். ஏற்றி முடித்த பிறகுதான் பள்ளியில் பிரிண்டர் இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது.

பிரிண்டர் இருந்தது இண்டூரில், வெங்கடாசலத்தின் எண்ணெய் மில்லில். கடலை மூட்டைக் கணக்குக்காக அவர் தைவான் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, கூடவே கட்டில் அகலத்துக்கு ஒரு பிரிண்டரும் வாங்கிப் போட்டிருந்தார். ஆனால் லண்டன் பெட்டியில் எழுதிய டிஸ்க்கைத் தைவான் பெட்டியில் செருகினால் அது கர்ரென்று இருமிவிட்டு, அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்று சாதித்தது. இரண்டையும் ஒயர் போட்டு இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நாலாவது உறுப்பினர் சென்னப்பன், கூட்டுறவு சொசைட்டி கிளார்க். கூட்டத்தில் போண்டா கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லி வந்தவர். பொருளாளர்.

ஒயருக்குத் தேவையான பிளக்கை எங்கே வாங்குவது என்று இரண்டு கூட்டங்கள் நடந்தன. இன்னாசிராஜ் மெட்ராஸ் என்றார். அவர் மச்சான் பெரம்பூரில் இருந்தார்.

"மெட்ராஸ்ல கெடைக்காத சாமானே கெடையாதுங்க."

"உங்க மச்சான் வூட்டுச் சாப்பாடு உங்களுக்கு மட்டுந்தானுங்களே கெடைக்கும்?" என்றார் வெங்கடாசலம். "காலைல பஸ் ஏறுனா மத்தியானத்துக்குள்ள பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல நிக்கலாமுங்க. எனக்குக் கன்னடமும் வரும்."

ஞானமேரி பெங்களூருக்கு ஓட்டுப் போட்டாள். சென்னப்பன் போண்டாவுக்கு.

இதையெல்லாம் அவள் லண்டன் பெட்டியிலேயே மினிட்ஸாக ஏற்றிக்கொண்டு வந்தாள். அதில் தமிழ் எழுத்து கிடையாது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். சங்கத்தின் முதல் இரண்டு கூட்டங்களுக்கு 'தலைவர் சிறப்புரை ஆற்றினார்' என்று ஒழுங்காகத்தான் எழுதினாள். அந்தக் கோப்பைத் திறக்க வேறு யாருக்கும் தெரியாது என்று புரிந்த பிறகு கை தானாகவே உண்மையை அடிக்க ஆரம்பித்தது. ராத்திரி தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வது மாதிரி ஒரு சுகம் அதில் இருந்தது.

பெங்களூருக்கு மூன்று பேர் போனார்கள். லண்டன் பெட்டியின் பின்னால் வட்டமான ஐந்து துளை வாய் ஒன்று இருந்தது. துளைகள் பகடையில் ஐந்து புள்ளி இருப்பது போல, மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இருந்தன. எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் டேப்ரெக்கார்டர் பிளக்கை எடுத்து நீட்டினார்கள். அதிலும் ஐந்து கால்தான், ஆனால் அரைவட்டமாக நின்றன. "இதுவும் அஞ்சு, அதுவும் அஞ்சு, தகொள்ளி சார்" என்று அதைக் கையில் திணித்தார் ஒரு கடைக்காரர். வெங்கடாசலத்தின் கன்னடம் 'எஷ்டு'வைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. எவ்வளவு என்று கேட்பார். அவர்கள் சொல்லும் பதில் புரியாமல் ஞானமேரியைத் திரும்பிப் பார்ப்பார்.

மூன்று மணிக்குத் தலைவரைக் காணவில்லை. தேடிப் போனால், கால்குலேட்டர் வைத்த ஜப்பான் வாட்ச் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு ஒரு கடை வாசலில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வாங்கியும் விட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஞானமேரியின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், சங்கம் எனக்குக் குடுத்த நினைவுப் பரிசுன்னு மினிட்ஸ்ல ஒரு வரி போட்டுருங்க. வூட்ல கேட்டா சொல்றதுக்கு."

"சரிங்க" என்றாள் ஞானமேரி.

அதற்கு முன்பே பிளக் கிடைத்திருந்தது. சந்துக்குள் ஒரு காயலான் கடை, துருப்பிடித்த பிஸ்கட் டின், அதன் அடியில் இரண்டே இரண்டு. ஞானமேரி அதைத் தூக்கிப் பிடித்தபோது வெங்கடாசலம் நடுத்தெருவில் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒயரைப் பற்றவைத்தது இன்னாசிராஜ். அதைச் சொல்லியே ஆக வேண்டும். இருபது வருஷம் டெலிபோன் ஒயர்களோடு பழகிய கை. மில்லில் மரப்பெஞ்சில் உட்கார்ந்து, கடுகளவு ஈயம் கூட வழியாமல் ஐந்து காலையும் பற்றவைத்தார். அந்த ஒரு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து லண்டன் பெட்டியை மில்லுக்குக் கொண்டுபோய் இணைத்துப் பார்த்தார்கள். ஞானமேரி இங்கே ABC என்று அடித்தாள். அங்கே தைவான் பெட்டியில் ABC என்று வந்து நின்றது. சென்னப்பன்கூட எழுந்து வந்து பார்த்தார்.

மறுநாளே இன்னாசிராஜ் நோட்டீஸ் அடித்துவிட்டார். 'இரு வேறு நாட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் அதிசயம்! ஞாயிறு காலை பத்து மணி, பள்ளி அரங்கம். கல்வி அதிகாரி தலைமை. அனைவரும் வருக.'

அனைவரும் வந்துவிட்டார்கள். பூசை முடிந்த கையோடு மாதா கோயில் சனம் மொத்தமும், இண்டூரிலிருந்து ஒரு லாரி ஆளும். மில் டெம்போவில் கடலைச் சாக்குகளுக்கு நடுவே தைவான் பெட்டியும் பிரிண்டரும் வந்து இறங்கின. முன் வரிசையில் கல்வி அதிகாரி, பக்கத்தில் மதர், அவருக்குப் பக்கத்தில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு தலைவரின் மனைவி லூர்துமேரி.

"தமிழ்ல பேசுமாங்க, இங்கிலீஷ்லயா?" என்று ஒருவர் மேடைக்கே வந்து கேட்டார்.

"வாயால பேசாதுங்க" என்றாள் ஞானமேரி.

"பொறவு?"

அவள் பதில் சொல்வதற்குள் இன்னாசிராஜ் மைக்கைப் பிடித்துவிட்டார். சென்னப்பன் ஒயரைச் செருகினார். ஞானமேரி வரவேற்பு வாசகம் இருந்த கோப்பை அனுப்பினாள். தைவான் பெட்டியில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பினாள். திரையில் புள்ளி ஒன்று சிமிட்டிக்கொண்டே இருந்தது.

வெங்கடாசலம் தன் புரோகிராமை வரி வரியாகச் சரிபார்த்தார். எந்த எழுத்து வந்தாலும் அதை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளுகிற சின்ன புரோகிராம், அதில் ஒரு தப்பும் இல்லை. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், கூட்டிப் பார்த்தார்கள். மைக்கில் இன்னாசிராஜ் தந்தி கண்டுபிடித்த காலத்திலிருந்து ஆரம்பித்து டெலக்ஸுக்கு வந்திருந்தார். அரங்கத்தில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. கல்வி அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சின்னதா அனுப்பறதால தெரியலீங்களோ என்னவோ" என்று கிசுகிசுத்தார் வெங்கடாசலம். "இருக்கறதுலயே பெருசா ஒண்ணு அனுப்புங்க டீச்சர். எங்க மாட்டுதுன்னு பாத்துரலாம்."

அந்த டிஸ்க்கில் இருப்பதிலேயே பெரியது பதினாலு கூட்டத்து மினிட்ஸ். ஞானமேரிக்கு ஒரு கணம் விரல் தயங்கியது. ஆனால் வியர்வையில் கண்ணாடி வழுக்கிக்கொண்டிருந்தது, போகவே போகாத ஒன்றில் எதைப் போட்டால் என்ன என்று தோன்றியது. அனுப்பினாள். புள்ளி சிமிட்டியது. லண்டன் பெட்டி முழுக் கோப்பையும் வாயில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து அனுமதிக்காகக் காத்து நின்றது.

ஒயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அவள் பெட்டியின் பின்பக்கம் குனிந்தாள். பிளக்கின் மேல் இன்னாசிராஜ் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தார், மேல் பக்கம் என்பதற்கு. கோடு கீழே இருந்தது. பகடையின் ஐந்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஐந்துதானே. பிளக் எந்தப் பக்கம் வைத்தாலும் சமர்த்தாக உள்ளே போகும். சென்னப்பன் தலைகீழாகச் செருகியிருந்தார். பேசுகிற ஒயர் பேசுகிற ஒயரோடும், கேட்கிற ஒயர் கேட்கிற ஒயரோடும் முட்டிக்கொண்டு நின்றன.

பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகிவிட்டாள். அனுப்பக் காத்திருந்தது என்ன என்பது அப்போது அவள் நினைவிலேயே இல்லை.

பிரிண்டர் மரம் அறுப்பது போல அலறியது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இன்னாசிராஜ் கண் கலங்கிவிட்டார். "வந்துருச்சு! வந்துருச்சுங்க! ஐயா அவர்களே அந்தச் செய்தியைப் படிக்கட்டும்!" என்று தாளைக் கிழித்துக் கல்வி அதிகாரியிடம் நீட்டி, மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

ஞானமேரி பிரிண்டரின் சுவிட்சைத் தேடினாள். அது சுவர்ப் பக்கம் இருந்தது.

அதிகாரி மேலே இருந்ததை விட்டுவிட்டு, கண்ணில் பட்ட இடங்களை எழுத்துக்கூட்டிப் படித்தார். "கூட்டம்... எட்டு. தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். எதைப் பற்றி என்று... அவருக்கே தெரியவில்லை. பொருளாளர் ஆறு போண்டா." நிறுத்தி, தாளைத் திருப்பிப் பார்த்தார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தொடர்ந்து படித்தார். "கூட்டம் ஒன்பது. மதர் வந்து கம்ப்யூட்டருக்குத் தீர்த்தம் தெளித்தார். அதற்குப் பிறகு R எழுத்து அழுத்தினால் மேலே வருவதில்லை."

அரங்கம் ஓவென்று சிரித்தது. மதர் சிலுவை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கூட்டம் பதிமூன்று, பெங்களூர். தலைவர் கால்குலேட்டர் வாட்ச் வாங்கினார். சங்கம் கொடுத்த பரிசு என்று எழுதச் சொன்னார். சங்கம் கொடுக்கவில்லை. அவரே வாங்கிக்கொண்டார்."

லூர்துமேரி மடியிலிருந்த மாலையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"பரிசா? பரிசுன்னு சொல்லித்தான் தெருவெல்லாம் காட்டுனீங்க? எங்க ஆத்தா ஊருக்கு லெட்டர்கூட போட்டனே!"

அதற்குள் வெங்கடாசலம் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். மின்விசிறிகளும் மைக்கும் சேர்ந்து நின்றன. இண்டூர்க்காரர்கள் வெளியே போகும்போது, "மெஷின்னு சொன்னாங்க, உள்ளதையெல்லாம் போட்டு ஒடைக்குதப்பா" என்று திருப்தியாகப் பேசிக்கொண்டு போனார்கள். நோட்டீஸில் சொன்னபடி அது பேசிவிட்டது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை.

திங்கட்கிழமை மதர் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் ஞானமேரி போனாள். மதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "R மட்டுந்தானா?" என்று கேட்டார். "ஆமாங்க மதர்." "அதைச் சரி பண்ண ஆள் யாருன்னு பாரு." அவ்வளவுதான். கதவு வரை போனவளை, "இனிமே என்னைப் பத்தி எழுதுனா கையெழுத்துல எழுது" என்றார்.

இன்னாசிராஜிடம் போகத்தான் காலே எழவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஒருவழியாக எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள். அவர் ஒரு பலகைக்கு முன்னால் முக்காலி போட்டு ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் வாட்ச் இல்லை.

"மன்னிச்சுருங்க தலைவரே. நான் வேணும்னு அனுப்பல."

"அனுப்புனது தப்பில்லீங்க டீச்சர். எழுதுனீங்களே." அவர் திரும்பவில்லை. "நான் பேசறது யாருக்கும் புடிக்காதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரியும். வாட்ச் சங்கதியும் நெசந்தான். மூணு நாளா அவ குடுக்கற சோத்துல உப்பில்ல, அதுவும் எனக்கு வேணுந்தான். ஆனா பதினாலாவது கூட்டம்னு ஒண்ணு அச்சாச்சு பாருங்க. ஒயர் பத்தவச்ச அன்னிக்கு. தாளை எடுத்துட்டுப் போயி வூட்ல படிச்சேன். 'ஒயர் தயாரானது'ன்னு போட்டிருக்கு. தானாவே தயாராச்சுங்களா?"

ஞானமேரிக்குக் காது சுட்டது. சிரிக்க வைக்கிற வரி ஒவ்வொன்றையும் தேடித் தேடி எழுதியவள், அந்த ஒரு மணி நேரத்து மௌனத்தை ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதுவதற்கு வேடிக்கையாக அதில் ஒன்றும் இல்லை என்று விட்டிருந்தாள்.

"இன்னிக்கே மாத்தி எழுதிடறேனுங்க."

"வேணாமுங்க. இப்ப எழுதுனா நான் கேட்டு வாங்குன மாதிரி ஆயிடும்." இன்னொரு ஒயரைப் பிரித்தபடியே கேட்டார். "பிளக்கைத் தலைகீழா போட்டாத்தான் சிக்கல்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நீங்க போட்ட சிவப்புக் கோடு கீழ இருந்துச்சுங்க. அதை வச்சுத்தான்."

அவர் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார்.

மறு ஞாயிற்றுக்கிழமை மில்லில் வைத்து மதிப்பெண் பட்டியலை அச்சடித்தார்கள். ஞானமேரி அனுப்ப, வெங்கடாசலம் தாள் சிக்காமல் பிடிக்க, இன்னாசிராஜ் ஒயரைத் தானே செருகினார். சென்னப்பனைப் பிளக் பக்கமே விடவில்லை. அறுநூற்று நாற்பது பெண்களும் அச்சாகி முடிய ஐந்து மணி நேரம் ஆயிற்று. லூர்துமேரி சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர், போகாமல் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து தாள்களைக் கிழித்து அடுக்கினார். யார் வூட்டுப் பெண் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டிருக்கிறாள் என்று மில் ஆட்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்துக்கொண்டே கிழித்தார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.