சிவப்பு என்னுடையது, பச்சை அவருடையது

சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வருவது எனக்குப் பிறவி வியாதி. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இலவச எச்.ஐ.வி. பரிசோதனை அறையில், விரல் நுனியில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அதுதான் வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர். வேன் டிரைவர், ஆறடி ஆள். தன் கையிலேயே தினமும் போதை ஊசி குத்திக்கொள்கிற மனுஷன், நர்ஸ் விரலில் லேசாகக் குத்தியதற்கு "ஐயோ அம்மா" என்று அலறினார். வெளியே வரிசையில் நின்ற இரண்டு பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள்.

நாங்கள் இரண்டு பேருமே ஊசி போடுகிறவர்கள்தான், நாலு வருஷமாக. ஆனால் நாங்கள் சுத்தபத்தமானவர்கள் என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். நான் பியூட்டி பார்லரில் வேலை செய்வதால் நெயில் பாலிஷுக்குப் பஞ்சமில்லை. என் ஊசியின் பின்பக்கம் சிவப்பு பூசுவேன், அவருடையதற்குப் பச்சை. ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தாலும் மாறிப்போகாது. எலி வளையானாலும் தனி வளை.

அந்தக் கர்வத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நானே வேட்டு வைத்தேன். என்னிடம் ஊசி தீர்ந்திருந்தது, புது ஊசி கொடுக்கிற வண்டி ஞாயிற்றுக்கிழமை வராது. சாயங்காலம் நாலு மணிக்கு, பார்லர் தோழியின் வீட்டில், அவள் போட்ட ஊசியிலேயே நானும் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டேனா? அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, குழாயில் கழுவி, சிவப்பு பூசி டப்பாவில் வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் பார்லரில் சீப்பு கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "என் வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்குடி. நான் இன்னும் டெஸ்ட் எடுக்கல, பயமா இருக்கு." வீட்டுக்கு ஓடிவந்து அந்த ஊசியை எடுத்து எறிந்தேன். இரண்டு ராத்திரி தலைவலி என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இவரிடம் மட்டும் சொல்லவில்லை. வெளியாள் ஊசியைத் தொடுவதில்லை என்பதுதான் கல்யாணத்தன்று நாங்கள் செய்துகொண்ட ஒரே சத்தியம். சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் "சும்மா ஒரு செக்கப், ஜோடியாப் போலாம்" என்று இழுத்து வந்தேன். இல்லை என்று வந்துவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவே இல்லை. இருக்கிறது என்று வந்தாலும் என்னோடு போகட்டும், அவருடைய பச்சை பத்திரமாக இருக்கிறதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திட்டம்தான்.

ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அக்கா படிவத்தை எடுத்தார். "வீட்ல ஒருத்தர் ஊசியை இன்னொருத்தர் போடுறதுண்டா?"

"சேச்சே!" என்று நெயில் பாலிஷ் புராணத்தை முழுசாக அவிழ்த்துவிட்டேன். "நல்ல யோசனையா இருக்கே" என்று அக்கா எழுதிக்கொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இவர் செருமினார். "அக்கா, எனக்கு அந்த ரெண்டும் ஒரே கலர்."

"எந்த ரெண்டும்?"

"சிவப்பும் பச்சையும். ரெண்டும் ஒரு மாதிரி அழுக்குக் கலரா தெரியும்."

நாலு பேர் முன்னால் அவரை நான் 'என்னங்க' என்றுதான் கூப்பிடுவேன். அன்று அது பறந்துபோனது. "யோவ், நீ டிரைவர்யா!"

"மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. அவ்ளோதானே?"

"அப்போ கல்யாணத்துக்கு நான் பார்த்துப் பார்த்து எடுத்த பச்சைச் சட்டை?"

"அது பச்சையா?"

அக்கா பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நான் மேஜையில் தலையை வைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன். "லைசென்ஸ் போயிடுமேன்னுதான் யார்கிட்டயும் சொல்லல" என்று அவர் அசடு வழிந்தது இன்னும் மோசம்.

"பின்ன எதைப் பார்த்துத்தான் எடுப்பே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"கைக்கு வந்ததை எடுப்பேன். திங்கக்கிழமை காலைல ஒண்ணுல நெயில் பாலிஷ் வாசம் கமகமன்னு அடிச்சுது. இப்பத்தான் பூசியிருக்கா, புது ஊசிதான்னு அதை எடுத்துப் போட்டேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அது நான் சிவப்பு பூசி வைத்த தோழியின் ஊசி.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவில் தலையை நீட்டினாள். "ரெண்டு பேருக்கும் இல்ல!" இவர் துள்ளி எழுந்து என்னை நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்.

"சந்தோஷம்," என்றார் அக்கா. "ஆனா சமீபத்துல நடந்தது எதுவும் இதுல தெரியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். கடைசி மூணு நாள்ல ஏதாவது நடந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சு, இருபத்தெட்டு நாள் விடாம போட்டா, தொத்தாம தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

"அதெல்லாம் எங்களுக்கு எதுக்குக்கா? வாடி, போலாம்" என்றார் இவர். பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஆபத்து எனக்கு மட்டும் என்றால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். அவருடன் எழுந்து சிரித்துக்கொண்டே வெளியே போயிருப்பேன்.

"உக்காருங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மணி, தோழி, குழாய்த் தண்ணீர், சிவப்பு, தோழியின் வீட்டுக்காரர், அந்தப் பொய்த் தலைவலி. சொல்லும்போதே நடுவில் பாழாய்ப்போன சிரிப்பு இரண்டு தரம் வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு என்று யாருக்குப் புரியும்? அவர் என் பக்கமே திரும்பவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்ன பொய்களை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றார் கடைசியில். "நான் போட்டது திங்கக்கிழமை காலைலதான். இவளுக்கு ஞாயித்துக்கிழமை நாலு மணி. இவளுக்குத்தான் நேரம் கம்மி. முதல்ல இவளுக்குக் குடுங்க."

அப்புறம் என்னைப் பார்க்காமலே எழுந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து என் முன்னால் வைத்தார். நான் அழுதுகொண்டே மாத்திரையை விழுங்கினேன்.