பத்து மணிக்குச் சாகிறேன்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் தீ விபத்து ஒத்திகை நடத்துகிற வேலை. விசில் ஊதினால் நானூறு பேரும் மூன்று நிமிடத்தில் வெளியே வந்து நிற்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் அத்தனை பேரையும் உள்ளே அனுப்பி மறுபடி ஊதுவார். அக்கா இறந்த பிறகு மாமாவுக்கு வீட்டில் துணை ஒரு நாய்தான். அதைக் கூப்பிடுவது முதலாளி என்று. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலாளியின் கதி என்ன என்ற கவலை அவரைப் பிடித்து ஆட்டியது. மற்றவர்களாக இருந்தால் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள். இவர் ஒத்திகை வைத்தார்.

"சனிக்கிழமை பத்து மணிக்குச் சாகறேன். வந்துடு," என்று போனில் சொன்னார்.

நான் வீட்டு முன்னறையிலேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சனிக்கிழமைதான் கூட்டம் வரும். ஆனாலும் போய்த் தொலைத்தேன். மாமா விசிலை ஊதிவிட்டுக் கூடத்தில் மல்லாந்து படுத்தார். நாய் தன் கயிற்றைக் கவ்விக்கொண்டு, இரண்டு தெரு தாண்டி, என் கடைக்கு வந்து சேர வேண்டும். அதுவோ அவர் மூக்கை நக்கியது.

"பொணம் சிரிக்கக்கூடாது மாமா," என்றேன்.

ஆறு வாரத்தில் முதலாளி தேறிவிட்டது. நானும் வேண்டாம், விசிலும் வேண்டாம். அவர் படுத்தால் போதும், கயிறும் வாயுமாகத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிடும். வினையே அங்கேதான். மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால்கூட நாய் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். கடைசியில் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார்.

"பழக்கினதை மாத்துங்க மாமா."

"நல்லா நடக்கிற ஒத்திகையை யாராவது கெடுப்பாங்களா?" என்றார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நாற்காலியை உடைத்திருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மாவுக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னபோது வாசலில் முதலாளி கயிற்றோடு நின்றது. மாமா படுப்பதையே விட்டு ஒரு மாதம் ஆகிறது. அந்த அம்மாவைச் சோதனைக் கண்ணாடியோடு அப்படியே விட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். இடது காலை அசைக்க முடியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முதலாளி வந்துட்டாரா?" என்று மெல்லக் கேட்டார்.

"கடையில இருக்கு."

"தண்ணி வெச்சியா?"

"இல்ல மாமா. அப்படியே ஓடி வந்துட்டேன்."

"முதல்ல நாயைக் கவனிக்கணும், அப்புறம்தான் பொணம். எத்தனை வாரமாச் சொல்லிக் குடுத்தேன். நீ ஃபெயில். போ, போய்த் தண்ணி வெச்சிட்டு வா."

"சரி, போறேன்," என்று எழப் போனேன்.

முடியவில்லை. என் சட்டை நுனியை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும் வரை விடவே இல்லை.