காது பொய் சொல்லட்டும்

சகாயமேரியின் காதுக்குள் அந்தச் சத்தம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குக்கர் விசில் அடிக்கப் போகும்போது ஒரு சீற்றம் கிளம்புமே, அந்த மாதிரி. ஆனால் விசிலும் வராது, சீற்றமும் அடங்காது. முதலில் வலது காதில் மட்டும் இருந்தது. பிறகு இடது காதிலும் வந்து குடியேறிவிட்டது. பக்கத்து வீட்டில் சொன்னபோது, "எல்லாம் சுனாமி பயம்தான், போகப் போக சரியாயிடும்" என்றார்கள். சுனாமிக்கு முந்தின வருஷமே அது வந்துவிட்டது என்று அவள் திருத்தவில்லை. பயம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். மேற்கொண்டு துருவிக் கேட்க மாட்டார்கள்.

துருவிக் கேட்டால்தான் அவளுக்கு வம்பு. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய துணை சுகாதார நிலையத்தில் அவள் கிராம நர்ஸ். கர்ப்பிணியைப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் குழலை நிறுத்தி, அதன் மறுமுனையில் காதை அழுத்தி, உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுச் சொல்ல வேண்டியவள். உப்பு வாருகிற பெண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அவள் நிமிர்ந்து "நல்லா இருக்குது" என்று சொன்ன பிறகுதான் எழுந்து சேலையைச் சரி செய்துகொள்வார்கள்.

பார்க்காத வைத்தியமில்லை. பூண்டு காய்ச்சின எண்ணெய் ஊற்றினாள். ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரை பகலிலேயே தூக்கத்தைக் கொண்டுவந்தது. ஊசி போடும் கை நடுங்கியதால் நிறுத்திவிட்டாள். பங்குச் சாமியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். பாண்டிச்சேரியில் டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன் சாலமன், கடைக்கு வந்த யாரோ சொன்னதைக் கேட்டு அவளைச் சென்னைக்கு அழைத்துப்போனான். அங்கே இருந்த டாக்டர், சத்தம் அதிகமாக இருந்த வலது காதில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அந்தப் பக்கம் கேட்கிறது அடியோடு போய்விடும், ஆனால் சத்தமும் பெரும்பாலும் போய்விடும் என்றார். அடுத்த மாதத்தில் ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார்.

"ஒரே ஆபரேஷன், மேரி. நீ படற பாட்ட என்னால பாக்க முடியல" என்றான் சாலமன்.

அவள் நாள் குறித்த சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மே மாதத்து வெயிலில் ஒரு நாள் சந்தியா வந்தாள். நிறைமாதத்தை நெருங்கிவிட்ட பெண், தலைப்பிரசவம். கூடவே மாமியார் கொளஞ்சியம்மாள். இருவருமே உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்கள்.

சகாயமேரி ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். குழலை வைத்து வலது காதைக் கொடுத்தாள். சீற்றம்தான் கேட்டது. இடது காதுக்கு மாற்றினாள். அதே சீற்றம். இடத்தை மாற்றிப் பார்த்தாள், தொப்புளுக்குக் கீழே, இடது பக்கம், வலது பக்கம். வெளியே உப்பளத்து எஞ்சின் ஓடுகிற அதிர்வு தரை வழியாக வந்தது. குழலுக்குள் எதுவுமில்லை.

"கொழந்த அசையுதாம்மா?"

"நேத்து நல்லா ஒதச்சிது. இன்னிக்கி காலைலேர்ந்து ஒண்ணும் தெரியல நர்சம்மா. வேல செஞ்சிட்டே இருந்தேன், கவனிக்கல" என்றாள் சந்தியா.

சகாயமேரிக்குப் போன மாதம்கூட ஒரு பெண்ணின் வயிற்றில் சீற்றத்துக்கு அடியில் ஏதோ மங்கலாகத்தான் கேட்டது. கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டாளா என்று தெரியாமலே "நல்லா இருக்குது" என்று அனுப்பியிருந்தாள். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. இன்றைக்கும் அப்படிச் சொல்லிவிட முடியும். வாய்வரை வந்துவிட்டது.

"பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நானும் வர்றேன்" என்றாள்.

கொளஞ்சியம்மாளின் முகம் செத்துப்போயிற்று. "ஏன், என்னாச்சு?"

"ஒருக்கா மெஷின் வச்சிப் பாத்துடலாம்மா. பயப்படாதீங்க."

நிலையத்தைப் பூட்டிக்கொண்டு அவர்களை பஸ்ஸுக்கு அழைத்துப்போனாள்.

பஸ்ஸில் சந்தியா ஜன்னலோரம் உட்கார்ந்து வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொளஞ்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள். கீழ்புத்துப்பட்டு தாண்டியது. காற்று அடிக்கிற சத்தம், டிரைவர் விடாமல் அடிக்கிற ஹாரன், எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சீற்றம். சகாயமேரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். என் காது நன்றாக இருந்தால் குழந்தை இல்லை. குழந்தை இருந்தால் என் காது போய்விட்டது. இரண்டில் ஒன்றுதான். இரண்டு வருஷமாக எந்தக் காது பிழைக்க வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றினாளோ, அந்தக் காதுக்கு எதிராகவே அவள் இப்போது வேண்டிக்கொண்டாள். மாதாவே, என் காது பொய் சொல்லட்டும். முழுசாகவே கெட்டுப்போயிருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சந்தியாவின் வயிற்றில் பசை தடவி, மைக் மாதிரி இருந்த சின்னக் கருவியை வைத்து நகர்த்தினாள். கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு அறை முழுவதும் கேட்டது, குதிரை ஓடுகிற மாதிரி, டக் டக் டக் என்று விடாமல். சீற்றத்தையும் தாண்டி சகாயமேரிக்கே கேட்டது.

"நல்லா இருக்குது. எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் அந்த நர்ஸ்.

சந்தியா அழுதுகொண்டே சிரித்தாள். சகாயமேரி வெளியே வந்ததும் கொளஞ்சியம்மாளின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டாள். "கொழந்தைக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்குத்தான் கேக்கல. ரெண்டு வருஷமா காதுல சத்தம். யார்கிட்டயும் சொல்லல."

கொளஞ்சியம்மாள் கையை உதறினாள். கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லித் தொலைக்கறதுதான? பஸ்ல வர்றதுக்குள்ள நான் பாதி செத்துட்டேன். இம்மாம் நாளா எத்தினி பேருக்கு கேக்காமலே சொன்ன நீ?"

சகாயமேரி அவர்களை பஸ் ஏற்றிவிட்டு, அதே ஆஸ்பத்திரியில் காது டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னாள்: "நரம்பு தேஞ்சிருக்குதுங்க. கேக்காத எடத்த மூளையே ஒரு சத்தத்த வச்சி நெரப்பப் பாக்குது."

"ஆபரேஷன் பண்ணா நிக்குமா டாக்டர்?"

"உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். இருக்கற கேக்கற சக்தியும் போயிடும். அதுக்கப்புறமும் சத்தம் நிக்காதவங்க இருக்காங்க."

"வேற என்ன வழி?"

"காது மெஷின் வச்சிப் பாக்கலாம். சத்தம் போகாது. வெளியில கேக்கறது கூடினா உள்ள இருக்கறது கொஞ்சம் அமுங்கும், சிலருக்கு. பழகறதுக்கு மாசக்கணக்காகும். பயப்பட்டா, தூக்கம் கெட்டா, இன்னும் ஏறும்."

"நர்சே காதுல மெஷினோட நின்னா ஜனங்க நம்புவாங்களா?"

டாக்டர் மெஷினுக்கான சீட்டை எழுதி நீட்டினாள். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

வீட்டில் சாலமன் குதித்தான். "ரெண்டு காதும் இப்டியே கூவிட்டு இருக்கட்டும்ன்றியா? சென்னைல நாள் குறிச்சாச்சு, மேரி!"

"போகும்னு உறுதியா சொன்னா நாளைக்கே போறேங்க. பெரும்பாலும்னுதான சொன்னாரு. போன காது திரும்ப வராது."

"அப்ப இதோடயே கெடப்பியா?"

"தெரியலங்க" என்றாள். அது உண்மைதான். அன்று சோற்றைப் பிசைந்தபடியே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் சென்னைக்கு போன் செய்து வரவில்லை என்று சொன்னவன் சாலமன்தான்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர் கடிந்துகொண்டார். கர்ப்பிணிகளைச் சோதிக்கும் நாளில் கிளியனூர் பக்கத்திலிருந்து வேறொரு நர்ஸ் வந்து கேட்பாள் என்று ஏற்பாடாயிற்று. தன் மேஜையில் இன்னொருத்தி உட்கார்ந்து தலையை நிமிர்த்தி "நல்லா இருக்குது" என்று சொல்வதைப் பார்த்துக்கொண்டு சகாயமேரி சீட்டு எழுதினாள். ஆனால் பாண்டிக்குப் போன அந்த பஸ்ஸில் வந்த மாதிரிப் பயம் அதன் பிறகு அவளுக்கு வரவில்லை.

ஆனியில் சந்தியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தடுப்பூசிக்குத் தூக்கிவந்த கொளஞ்சியம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் குழந்தையைச் சகாயமேரியின் கையில்தான் கொடுத்தாள்.

டாக்டர் சொன்ன காது மெஷினை வாங்கி மாட்டிய புதிதில் எல்லாமே குத்தியது. டம்ளர் வைக்கிற சத்தம், கதவுக் கீல், தன் சொந்தச் செருப்பு. சில நாள் சீற்றம் கொஞ்சம் பின்னால் போயிற்று. சில நாள் கழற்றி எறியலாம் போலிருந்தது. ஊரில் விஷயம் பரவி, எல்லோரும் அவளிடம் கத்திப் பேசினார்கள்.

ஒரு புதன்கிழமை கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, உப்பு அரவை மில்லில் வேலை செய்யும் ராசம்மாள் வாசலில் தயங்கி நின்றாள். கையில் குழந்தையும் இல்லை, சீட்டும் இல்லை. உள்ளே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நர்சம்மா, எனக்கும் காதுல கூவுது. பைத்தியம்னு சொல்லிடுவாங்கன்னு வீட்ல சொல்லல. உங்களுக்கு நின்னிடுச்சா?"

சகாயமேரிக்கு உடனே ஒரு நல்ல பதில் சொல்லத் தோன்றியது. அந்தப் பெண்ணின் கண் அவள் முகத்திலேயே இருந்தது.

"நிக்கலம்மா. இப்பகூட கேக்குது" என்றாள். "உக்காரு. எப்பலேர்ந்து இருக்குது, சொல்லு."