மாடியில் எழுந்த குலவை

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து வாருங்கள், கண்ணுகளா. அனுசுயா ஒரு மொட்டைமாடியை விட்டுக்கொடுக்காத கதையைச் சொல்கிறேன். முடியும்போது உங்கள் கால் சும்மா இருக்காது, அதற்கு நான் பொறுப்பு.

அனுசுயாவுக்கு நாற்பது வயது. காரைக்குடியில் பெரியகருப்பன் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கு ஜூம்பா நடத்துகிறாள். பாட்டுப் போட்டு ஆடியே உடம்பை இளைக்க வைக்கும் வகுப்பு. பதினோரு பேர் வருகிறார்கள். கண்டரமாணிக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் மலையம்மாளுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிக் கிடந்தது. இப்போது நூற்றைம்பது சொச்சம். மாடியைச் சுற்றி ஆளுயரச் சுவர், வெளியிலிருந்து ஒரு கண் பார்க்க முடியாது. அப்படி இன்னொரு இடம் அவளுக்குக் கிடைக்காது.

பாட்டெல்லாம் ஸ்பானிஷ். அதில்தான் வந்தது வம்பு.

"தங்கச்சி, தெருவுல நாலு பேரு கேக்குறாக. என்ன பாசைன்னே தெரியல, உள்ள என்ன அசிங்கம் கெடக்கோ யாரு கண்டா?" என்றார் பெரியகருப்பன். "வெள்ளிக்கிழமை நானே மேல வருவேன். தமிழ்ப் பாட்டு ஓடுனா இருங்க. இல்லைன்னா சாவியக் குடுத்துருங்க."

ஆடுகிறவர்களே தளர்ந்துபோனார்கள். "சினிமாப் பாட்டப் போட்டுட்டுப் போயேன், அனுசுயா," என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் ரோகிணி.

அனுசுயா தண்ணீர் பாட்டிலை மூடி வைத்தாள். ஜூம்பா சொல்லித்தரும் பயிற்சிக்காகச் செல்போனில் படித்தது அவளுக்கு மனப்பாடம்.

"அமெரிக்காவுலயும் இதையேதான்க்கா சொன்னாக. ஸ்பானிஷ் பேசுற சனம் அங்க கோடிக்கணக்குல இருந்தும், அவுக பாட்டு பெரும்பாலும் அவுக ரேடியோவோடயே நின்னுச்சு. இங்கிலீஷ்ல பாடுனாத்தான் ஊரு கேக்கும்னாக. சில பேரு அப்பிடிப் பாடித்தான் கதவத் தொறந்தாக. பெறகு வந்தவுகள்ல பல பேரு, மாத்தவே மாட்டோம்னு ஸ்பானிஷ்லயே பாடுனாக. ஒரு வார்த்தை புரியாதவுகளும் இன்னைக்குக் கல்யாண வீட்டுல அதுக்கு ஆடுறாக."

"அவுக ஆடுவாக. அவுகளுக்கு நம்ம பெரியகருப்பனா மாடிய விட்டுருக்காரு?" என்றாள் மலையம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அனுசுயா சிரிக்கவில்லை. "மொத மாசம் சினிமாப் பாட்டுக்கு ஆடுனோமே, நெனவிருக்கா? ஆளாளுக்கு முந்தானைய இழுத்துவிட்டுக்கிட்டு நின்னீக. பாட்டக் கேட்டதும் கண்ணு முன்னாடி கதாநாயகி வந்துருறா. நாம அவ மாதிரியா இருக்கோம்னு கூச்சம் வந்துருது. இந்தப் பாட்டுல ஒருத்தியும் வரமாட்டா. நம்ம கையும் காலும் மட்டுந்தான். நான் மாத்தமாட்டேன்."

பதினோரு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள்.

நான்கு நாள் உட்கார்ந்து, போடும் ஒவ்வொரு பாட்டுக்கும் அர்த்தம் தேடித் தமிழில் ஒரு நோட்டில் எழுதினாள். சரியில்லாத இரண்டைத் தானே தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை பெரியகருப்பன் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஏறி வந்தார். அனுசுயா நோட்டை நீட்டினாள். "படிச்சுப் பாருங்கண்ணே. கெட்ட வார்த்தை ஒண்ணு இருந்தா நானே சாவியத் தாரேன்." சொல்லிவிட்டு ஸ்பானிஷையே போட்டாள்.

அவர் நோட்டைத் திறக்கவில்லை. முதல் பாட்டு முடிந்தது, முகம் இளகவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவே பாடகி நிறுத்த, எக்காளங்கள் ஒன்றாக எழுந்தன. மலையம்மாள் தன்னை மறந்தாள். முளைப்பாரிக் கும்மியில் நிற்பதாக நினைப்பு போலிருக்கிறது. நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள்.

போச்சு, என்று நினைத்தாள் அனுசுயா.

ஆனால் நம் பக்கத்தில் ஒருத்தி போட்ட குலவையைத் தனியே விடுவதில்லை, கண்ணுகளா. காதில் விழுந்தவள் எடுத்தே ஆகவேண்டும். மற்றப் பத்துப் பேரும் எடுத்தார்கள். அது அடங்குவதற்குள் கீழே அடுப்படியிலிருந்து இன்னொரு குலவை. பெரியகருப்பனின் மனைவி உமையாள்.

தோசை மாவுக் கையோடு படியேறி வந்தாள்.

"நீயுமாடி? அது என்ன பாட்டுன்னு தெரியுமா?"

"எந்தப் பாட்டா இருந்தா என்ன? குலவை கேட்டுச்சு, போட்டேன். பொம்பளைக ஆடுற எடத்துல நாற்காலியப் போட்டு உக்காந்து எதுக்கு மொறைக்கிறீக?" மாவுக் கையைத் துடைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ரோகிணி பக்கத்தில் போய் நின்றாள். "அனுசுயா, அதையே மறுபடி போடு தாயி."

அனுசுயா போட்டாள்.

பெரியகருப்பன் எழுந்தார். நாற்காலியை ஒரு கையிலும் நோட்டை மறுகையிலும் எடுத்துக்கொண்டார். "தெருவுல கேக்குறவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்," என்று படியிறங்கினார். சாவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி குலவை போட்டால், அதைத் தனியே விடாமல் எடுக்க ஆட்கள் நிறைந்திருக்கட்டும். அடுப்பு அணையாமல், கைகால் சுகத்தோடு, பிள்ளை குட்டியோடு நன்றாக இருங்கள், என் மக்களே.